பறவைக்குத் தெரியாத புண்ணியம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெண்பனி கொட்டும் வாரங்களில் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தீனி வைப்பார்கள். சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை, உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு கிண்ணம் தண்ணீர். நிலத்தைப் பனி மூடிவிட்டால் புழுவும் இல்லை, விதையும் இல்லை. பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு சிட்டு, நீண்ட இரவில் உடம்புச் சூடு அணையாமல் இருக்க வேண்டுமானால், குறுகிய பகலுக்குள் தின்று தீர்த்தாக வேண்டும். அங்கே வைக்கும் ஒரு பிடி விதைக்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பறவைக்கு எது ஆகும், எது ஆகாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பலரும் வைக்கிறார்கள்.

மும்பையின் கிழக்கோரத்து டிராம்பேயில் பனி விழுவதில்லை. மும்பையின் பதிவேட்டில் உள்ள மிகக் கடுமையான குளிரே 1962 ஜனவரியில் சாந்தாகுரூஸில் பதிவான 7.4 டிகிரிதான். வழக்கமான ஜனவரியில் காற்று வடக்கிலிருந்து திரும்பும். இங்குள்ள சீத்தா கேம்ப் டீக்கடைகளில் விடியற்காலையில் நாலு பேர் குரங்குக் குல்லாயோடு நிற்பார்கள். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அவ்வளவுதான் நம் குளிர். குளிரால் இங்கே எந்தப் பறவையும் பட்டினி கிடப்பதில்லை. ஆனாலும் ஊர் முழுக்க மூட்டை மூட்டையாகத் தீனி இறைபடுகிறது. யாருக்காக?

பறவைகளுக்காக இல்லை என்பதுதான் என் பதில். இதைச் சொன்னால் நல்ல மனிதர்கள் பலர் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் பிறந்ததும் மும்பைக் கடலுக்குக் கடற்காக்கைகள் வந்துவிடும். பழுப்புத்தலைக் கடற்காக்கை கோடையில் குஞ்சு பொரிக்கும் இடம் லடாக், திபெத் பீடபூமி, மத்திய ஆசியாவின் ஏரிகள். அந்த ஏரிகள் உறைந்து பாறையாகும்போது அது தெற்கே இறங்குகிறது. இங்கே வரும்போது தலையின் பழுப்பு உதிர்ந்து வெளுத்திருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிச்சம். மீன், இறால், புழு, வலைக்காரர்கள் கழித்துப்போடும் பொடிமீன் இவையே அதன் சாப்பாடு. இமயத்தைத் தாண்டி வந்த இந்தப் பறவைக்கு நாம் கொடுப்பது சேவும் கட்டியாவும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்குப் போகும் படகுகளில் பாருங்கள்: எண்ணெயில் பொரித்த கடலைமாவுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பறவை வந்து கொத்துவதை மொபைலில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

டிராம்பே ஜெட்டியில் ஒரு பெரியவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாயில்லா ஜீவன் தம்பி. அதுக்கு ஒரு வாய் போட்டா நம்ம பிள்ளைகுட்டிக்கு நல்லது" என்றார்.

"அண்ணாச்சி, இதை உங்க பேரப்பிள்ளைக்கு வெறும் வயித்துல குடுப்பீங்களா?"

"அது எப்படிக் குடுக்க? எண்ணெய்ப் பலகாரம்லா…"

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். இரக்கமுள்ள மனிதர்தான். பறவை என்ன தின்னும் என்று கேட்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போட்டால் தனக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. 'நம்ம பிள்ளைகுட்டிக்கு நல்லது' என்ற அந்த ஒரு வரியில் தானம், தருமம், புண்ணியம் என்ற மொத்தக் கணக்குப் புத்தகமும் இருக்கிறது. கொடுப்பவர் பெயரில் வரவு எழுதப்படும் அந்தப் புத்தகத்தில், வாங்குகிற உயிரின் பெயருக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது.

புறா விஷயத்திலும் இதே கணக்குத்தான். 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு மும்பையின் 51 கபூத்தர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தீனி போடும் பொது இடங்களை, மூடச் சொன்னது. புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். முற்றினால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிடும். டாக்டர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. மக்களின் உடல்நலமே முக்கியம் என்று நீதிமன்றம் தீனி போடுவதற்கு அனுமதி மறுத்தது. தாதர் கபூத்தர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆகஸ்டில் ஜைனர்கள் உள்ளிட்ட பக்தர்கள் கூட்டமாக வந்து அந்தத் தார்ப்பாயைக் கிழித்தார்கள். எறும்பை மிதிக்கக்கூடாது என்று நடக்கும் ஜைனர்களின் அகிம்சையை நான் சிறிதாக நினைக்கவில்லை. உலகத்துக்கு இந்தியா தந்த பெரிய சிந்தனைகளில் அது ஒன்று. அதனால்தான் கேட்கிறேன். பக்கத்துக் கட்டடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு படுத்திருப்பவரும் உயிர்தானே? அவருடைய மூச்சு அந்த அகிம்சைக்குள் வராதா?

மும்பை முழுக்க ஒரு தொழில் கொடிகட்டிப் பறக்கிறது: கபூத்தர் ஜாலி. புறா உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டித் தருகிறார்கள். சௌக்கில் நின்று புறாவுக்குச் சோளம் இறைத்துவிட்டு வருகிற பல குடும்பங்களின் பால்கனியில் இந்த வலை உண்டு. புண்ணியம் பொது இடத்தில், எச்சம் அடுத்தவர் வீட்டில். மலைப்பாறைகளில் கூடு கட்டி வாழ்ந்த பறவை அது. உழைக்காமல் கிடைக்கும் தானியமும் கான்கிரீட் விளிம்புகளும் சேர்ந்ததால் வருடம் முழுக்கக் குஞ்சு பொரிக்கிறது. பிறகு, புறா பெருத்துவிட்டது என்று புறாவின் மீதே குறை சொல்கிறோம்.

மகர சங்கராந்தி அன்று இன்னும் மோசம். கீழே முற்றத்தில் எள்ளுருண்டை, பசுவுக்குத் தீனி, பறவைக்குத் தானியம். மேலே அதே வீட்டு மொட்டை மாடியிலிருந்து கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாவில் பட்டம். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் பரேலில் உள்ள மிருக ஆஸ்பத்திரிக்கு இறக்கை அறுபட்ட பருந்தும் புறாவும் வந்து சேர்கின்றன.

வடநாட்டவரை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. காக்கை வராவிட்டால் அந்த வீட்டில் முகங்கள் வாடிவிடுகின்றன: பித்ருவுக்குக் கோபமோ, என்ன குறை வைத்தோமோ. அந்தக் காக்கை அப்போது மீனவர் குடியிருப்பான கோளிவாடாவில் காயப்போட்ட வங்கராவாசிக் கருவாட்டைத் திருடிக்கொண்டு, மீன்காரப் பெண்ணின் கல்லுக்குத் தப்பிக்கொண்டிருக்கும். அது யாருடைய தாத்தாவும் இல்லை. அது காக்கை, அப்படி இருப்பதிலேயே அதற்கு நிறையப் பெருமை உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் முகமூடி அணிந்துகொண்டு சில காக்கைகளைப் பிடித்துப் பிறகு விடுவித்தார்கள். அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும், வருடங்கள் கழித்தும் காக்கைகள் கூடிக் கத்தின. பிடிபடாத காக்கைகளும் அதைக் கற்றுக்கொண்டு கத்தின. இத்தனை அறிவுள்ள ஒரு பறவையைத் தினமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடக் கவனித்துப் பார்க்காமல், செத்துப்போனவர்களின் தபால்காரனாக மட்டும் ஆக்கி வைத்திருக்கிறோம்.

பார்ப்பது என்றால் என்ன என்று காட்ட ஒரு மும்பைக்காரரையே உதாரணமாகச் சொல்லலாம். சலீம் அலி 1896-இல் இங்கே பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே மில்லார்ட் என்ற செயலாளர் இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சுட்ட கை அன்றிலிருந்து குறிப்பெடுக்கும் கையாக மாறத் தொடங்கியது. பாவம் வரும் என்ற பயம் அவரை மாற்றவில்லை. ஒரு கேள்வி மாற்றியது.

இந்தக் கண்ணோடு டிராம்பேயை ஒட்டிய தானே கழியோரம் வந்து நின்று பாருங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் அலையாத்திக் காட்டைத் தாண்டி மைல் கணக்கில் சேறு விரியும். கருவால் மூக்கன்கள் நீண்ட அலகைக் கண்வரைக்கும் சேற்றில் குத்தி எடுக்கும். அப்பால் பூநாரைகள். பெரும் பூநாரையும் சிறு பூநாரையும் கலந்தே இருக்கும். அலகு வெளிர் சிவப்பாகவும் நுனி மட்டும் கறுப்பாகவும் இருந்தால் பெரியது, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறியது. சாம்பல் நிறத்தில் சோம்பலாக நிற்பவை இளம் பறவைகள்; அவற்றுக்கு இன்னும் நிறம் ஏறவில்லை. ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்தால் போதும். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்து மெல்ல வட்டமிடும், சேறு கலங்கும். கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீருக்குள் விடும். உள்ளே நாக்கு ஒரு பம்பு மாதிரி நொடிக்குப் பல தடவை இயங்கித் தண்ணீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் இரை மட்டும் தங்கும். தண்ணீர் முழுதாக வற்றியபின் அது மிதித்த இடத்தில் வட்டவட்டமாகத் தடம் கிடக்கும்.

இந்தப் பறவைக்கு நாம் கொடுக்க ஒன்றுமே இல்லை. கட்டியாவும் சோளமும் அதன் அலகுக்குள் போகாது. அதற்கு வேண்டியது சேறு, அந்தச் சேற்றை மூடித் திறக்கும் ஓதம், சேற்றைப் பிடித்து வைக்கும் அலையாத்தி. சாமி படத்தில் எந்தச் சேறும் கிடையாது. சேற்றுக்கு நேர்ந்துகொண்டு யாரும் முடியிறக்குவதில்லை. அதனால் புண்ணியக் கணக்கில் சேற்றுக்கு மதிப்பே இல்லை. ரியல் எஸ்டேட் கணக்கில் மட்டும் உண்டு.

பூநாரை வருவதை மும்பைக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஊர் இயற்கைக்கு நல்லது செய்திருக்கிறது, அதனால் பறவை வருகிறது என்று அரசு விளம்பரமே அந்த அர்த்தம் தொனிக்கப் பேசுகிறது. உண்மை கொஞ்சம் நாறும். 1990களுக்கு முன்னால் இந்தக் கழியில் பூநாரைகள் இத்தனை திரண்டதில்லை. பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2019 ஜனவரிக் கணக்கெடுப்பில் 1 லட்சத்துக்கும் மேல். மும்பை, தானே, நவி மும்பை மூன்றிலிருந்தும் சாக்கடை சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் இந்தக் கழியில் வந்து விழுகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீலப்பச்சைப் பாசியைக் கொழிக்க வைக்கின்றன. சிறு பூநாரையின் சாப்பாடே அந்தப் பாசி. அதன் இளஞ்சிவப்பும் பாசியில் உள்ள நிறமியிலிருந்து வருவது. எதிர்க்கரையிலுள்ள ரசாயனத் தொழிற்சாலைகள் பல காலமாகக் கழித்த உலோகங்களும் அதே சேற்றில் படிந்திருக்கின்றன. பறவையின் அழகை நமக்கான நற்சான்றிதழாக வாசிப்பது, காக்கை வராததைத் தாத்தாவின் கோபமாக வாசிப்பதற்குச் சற்றும் குறையாத மூடநம்பிக்கை.

இனி மனிதர்கள் பக்கம் வருகிறேன். சேற்றைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தச் சேற்றில் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மையாகாது.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. நகரத்தின் உள்ளிருந்து ஏற்கனவே ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்கள் அங்கே குடியேற்றப்பட்டிருந்தார்கள். தமிழர்கள் ஏராளம். மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்று 1960களின் பிற்பகுதியிலேயே காலிசெய்யும் பேச்சு தொடங்கியது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், அந்தக் காலனியின் இளைஞராக இருந்து, நீதிமன்றத்திலும் தெருவிலும் டெல்லியிலும் வருடக்கணக்கில் போராடினார். நெருக்கடி நிலை வந்தது. 1976 மே 17 அன்று போலீஸை நிறுத்தி ஜனதா காலனியை இடித்தார்கள். ஏறக்குறைய 70,000 பேர். பருவமழைக்குச் சில வாரங்களே இருந்தன. கொண்டுவந்து விட்ட இடம் கழியோரச் சதுப்பு. அதுதான் இன்றைய சீத்தா கேம்ப்.

இந்தச் சேற்றில் முதலில் வந்து கால் ஊன்றியது யார் என்று வருடத்தை வைத்துப் பாருங்கள். பூநாரைக் கூட்டங்களுக்குப் பல வருடம் முன்னால் சீத்தா கேம்ப் இங்கே இருக்கிறது. ஆனால் அலையாத்தி பற்றிய எந்த அறிக்கையிலும் பூநாரை 'விருந்தாளி', குடிசைக்காரர் 'ஆக்கிரமிப்பாளர்'. 2015 ஆகஸ்டில் கழியின் ஒரு பகுதி, 1,690 ஹெக்டேர், பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் தானே கழி ராம்சர் ஈரநிலத் தலமாகவும் ஆனது. இரண்டையும் நான் மனதார வரவேற்கிறேன். அந்தப் பறவைகள் வந்து இறங்கும் இன்னொரு விரிகுடாவின் கரையில் மாஹுல் இருக்கிறது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில். தான்சா குடிநீர்க் குழாயோரம் இடிக்கப்பட்ட குடிசைகளின் மக்களை 2017 வாக்கில் அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். மூச்சுத்திணறலும் தோல்நோயும் வந்து அவர்கள் நீதிமன்றம் போனார்கள். இனி யாரையும் மாஹுலில் குடியேற்றக்கூடாது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, சிவ்ரியில், பைனாகுலரோடு பூநாரை பார்க்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் கழுத்தைத் திருப்பி மாஹுலைப் பார்த்திருப்பார்கள்?

பறவையைக் கைவிட்டு மனிதனைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போட்டியையே நான் ஏற்கவில்லை. அலையாத்திக்கு மேல் இடிபாட்டைக் கொட்டும் லாரியும் ஏழையைச் சேற்றில் கொண்டுவந்து கொட்டும் லாரியும் ஒரே நகரத்தின் லாரிகள்தான். 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது பாலம் கழியின் குறுக்கே 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. புல்லட் ரயிலுக்காக அதே கழியின் அடியில் 7 கிலோமீட்டர் சுரங்கம் வருகிறது. வேண்டுமென்றால் எத்தனை பெரிய வேலையையும் சேற்றுக்கு மேலும் கீழும் செய்து முடிக்க இந்த நாட்டால் முடியும். சீத்தா கேம்ப்புக்கு ஒழுங்கான பாதாளச் சாக்கடை போடுவதற்கு மட்டும் நிலம் இளகியதாகிவிடுகிறது.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் துரத்தப்பட்டவர்கள் என்பதற்காக, நம் பின்வாசலில் இருக்கும் கழியை நாம் குப்பைத்தொட்டியாக்கலாம் என்றாகிவிடாது. குப்பை வண்டி வராத சந்தில் வசிப்பவர் வேறு எங்கே போடுவார் என்ற கேள்வி நியாயமானது. வண்டி வருகிற தெருவிலும் கேரி பேக்கை முடிச்சுப் போட்டு நாலா என்ற சாக்கடைக் கால்வாயில் எறிபவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பறவைக்கும் மனிதருக்கும் இடையில் நேர்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய சாட்சி இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அவர்கள் அந்தப் பறவைகளை இரை போட்டு வளர்க்கவில்லை. மரத்திலிருந்து எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஏரியையும் மரத்தையும் அமைதியையும் காத்தார்கள். பறவை தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. இரு நூற்றாண்டு தாண்டியும் நிற்பது மறுமைக்குச் சேர்த்த புண்ணியம் அல்ல, அந்த விவசாயிகளின் புத்தி.

ஜோக்கினிடமும் அந்தப் புத்தி இருந்தது. பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கி, 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018-இல் காலமானார். அவருடைய முதல் போராட்டம் குப்பையைப் பற்றியது. ஜனதா காலனியில் மாநகராட்சி குப்பை அள்ளவில்லை. அவர் காலனிக் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிக்கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தார். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். இன்றைக்கு நம் பகுதிக்கான எம்-கிழக்கு வார்டு அலுவலகம் கோவண்டியில் இருக்கிறது, இங்கிருந்து எட்டும் தூரம்தான். ஜெட்டியில் ஞாயிற்றுக்கிழமை கட்டியா பாக்கெட்டோடு நிற்பவர்கள், திங்கட்கிழமை காலை நாலாவில் அள்ளிய ஆளுக்கொரு பொட்டலத்தோடும், இரவில் கழியோரம் இடிபாடு கொட்டும் லாரிகளின் நம்பரோடும், பாதாளச் சாக்கடை கேட்கும் மனுவோடும் அந்த வாசலுக்கு வரட்டும். அண்ணாச்சியைக் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.